மோர்க் கிண்ணத்தில் ஒரு மகாயுத்தம்!

மாதவரம் பக்கம் பஸ்ல வந்திருக்கீங்களா? 'பால் பண்ணை எல்லாம் எறங்கு!'னு கண்டக்டர் ஒரு சவுண்டு விட்டா, கூட்டம் கலையும். ஆவின் பால் பண்ணை ஒரு பக்கம், 1989-ல் தொடங்கின தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இன்னொரு பக்கம்னு, எங்க ஏரியாவோட அடையாளமே பாலும் மாடும்தான். ஆனா, இந்த வாரம் நம்ம ஹீரோ மாடும் இல்லை, பாலும் இல்லை. அந்தப் பாலைத் தயிராக்குற, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா! வில்லன் யாரு தெரியுமா? அந்தப் பாக்டீரியாவுக்கே நோய் கொடுக்குற வைரஸ்!

'கிருமிக்கே கிருமியா?'னு ஜெர்க் ஆகாதீங்க. நானும் அப்படித்தான் ஆனேன். மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்குன்னு கேட்கலாம். காரணம் என் தாத்தா. சுகர் பேஷன்ட். போன வருஷம் கால்ல ஒரு புண் வந்து, ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில சீழ் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. ரிப்போர்ட்டைப் பார்த்தா, மருந்துப் பேரு வரிசையா இருக்கு. பக்கத்துல 'ஆர்', 'ஆர்', 'ஆர்'! எங்க சீனியர்ஸ் ரிசல்ட்டுல 'ஆர்.ஏ.'ன்னு வந்தா அரியர். அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். இது 'ரெசிஸ்டன்ட்'. அதாவது, இந்த மருந்தெல்லாம் இந்தக் கிருமிகிட்ட பலிக்காது. கடைசியில ரெண்டே ரெண்டு மருந்துக்குப் பக்கத்துலதான் வேற எழுத்து இருந்துச்சு. அதுல ஒண்ணை ஊசியா போட்டுப் போட்டுத்தான் தாத்தா கால் பிழைச்சது.

'அந்த ரெண்டும் இல்லாம போயிருந்தா?'ன்னு ராத்திரி எல்லாம் மண்டைக்குள்ள ஒரு கேள்வி. அதைத் தேடிப் போனப்பத்தான் இந்த வைரஸ் கதை மாட்டுச்சு.

இந்த வைரஸுக்குப் பேரு பாக்டீரியோஃபேஜ். சுருக்கமா, ஃபேஜ். பாரீஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல வேலை பார்த்த ஃபெலிக்ஸ் தெரெல் 1917-ல் வெச்ச பேரு. 'பாக்டீரியாவைத் தின்னி'ன்னு அர்த்தம். ஆனா, அதுக்கும் 21 வருஷம் முன்னாடியே, 1896-ல், ஆக்ராவில் இருந்த எர்னஸ்ட் ஹான்கின் என்கிற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணியில காலராக் கிருமி செத்துப்போகுதுன்னு எழுதிட்டார். அதே தண்ணியைக் கொதிக்க வெச்சா அந்த சக்தி போயிடுதுன்னும் சொன்னார். அது ஃபேஜோட வேலையா இருந்திருக்கலாம்னு பின்னாடி வந்தவங்க பலர் எழுதியிருக்காங்க.

ஃபேஜ் பண்ற வேலை சிம்பிள். பாக்டீரியா மேல வந்து உட்காரும். தன்னோட டி.என்.ஏ-வை மட்டும் உள்ளே இறக்கும். அவ்ளோதான். அப்புறம் அந்த பாக்டீரியா தன் சொந்த வேலையை விட்டுட்டு ஃபேஜ் தயாரிக்கிற ஃபேக்டரியா மாறிடும். சுமார் அரை மணி நேரத்துல பாக்டீரியா வெடிச்சு, நூறு ஃபேஜ் வெளியே வரும். அந்த நூறும் ஆளுக்கு ஒரு பாக்டீரியாவைப் பிடிச்சா பத்தாயிரம். அடுத்த ரவுண்டுல பத்து லட்சம். அதுக்கடுத்து பத்து கோடி. எல்லாம் சுமார் ரெண்டு மணி நேரத்துல பாஸ்!

இப்ப தயிருக்கு வாங்க. எங்க வீட்டுல தயிர் உறையலைன்னா, அம்மா என்னைத்தான் கிண்ணத்தோட எதிர் வீட்டுக்கு விரட்டுவாங்க. 'அக்கா, அம்மா கொஞ்சம் உறை மோர் கேட்டாங்க!' வீட்டுல தயிர் சொதப்பினா பெரும்பாலும் பால் ரொம்ப சூடா இருந்திருக்கும், இல்லைன்னா ரொம்ப ஆறிப்போயிருக்கும். ஆனா, ஆயிரக்கணக்கான லிட்டர் பாலை ஒரே டேங்க்ல ஊத்தி, தயிரோ, யோகர்ட்டோ, சீஸோ தயாரிக்கிற உலகத் தொழிற்சாலைகளுக்கு ஃபேஜ்தான் எமன். 1935-ல் நியூசிலாந்தில் ஒயிட்ஹெட், காக்ஸ்னு ரெண்டு பேர் இதைக் கண்டுபிடிச்சாங்க. நேத்து வரைக்கும் ஒழுங்கா புளிச்ச பால் இன்னிக்குத் திடீர்னு புளிக்காம நிக்குதேன்னு பார்த்தா, உறை பாக்டீரியாவை ஃபேஜ் காலி பண்ணியிருக்கு! சில ஃபேஜ்கள் பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தினாலும் சாகாது. அதனால, ஒரே உறையைத் தினமும் போடாம, மாத்தி மாத்திப் போடுறது அந்தத் தொழில்ல பழைய டெக்னிக்.

ஆனா, ஒரு விஷயம் கவனிங்க. இவ்ளோ டெரரான எதிரி இருந்தும் பாக்டீரியா இனம் அழியலையே! எப்படி?

கதவைச் சாத்து!

ஃபேஜ் கண்ட இடத்துல உட்காராது. பாக்டீரியாவோட தோல்ல இருக்குற குறிப்பிட்ட ஒரு புரதத்தையோ, சர்க்கரையையோ பிடிச்சுத்தான் உட்காரும். பூட்டும் சாவியும் மாதிரி. அந்தப் பூட்டோட வடிவம் கொஞ்சம் மாறினாப் போதும்... ஃபேஜ் வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

பூட்டு எப்போ மாறுது? ஃபேஜைப் பார்த்த பிறகா, இல்லை முன்னாடியேவா? 1943-ல் இதுக்கு பதில் சொன்னவங்க சால்வடார் லூரியாவும் மேக்ஸ் டெல்ப்ரூக்கும். லூரியாவுக்கு ஐடியா கிடைச்ச இடம் லேப் இல்லை. இண்டியானா பல்கலைக்கழக ஆசிரியர்களோட டான்ஸ் பார்ட்டி! அங்கே ஒரு நண்பர் காசு போட்டு ஆடுற சூதாட்ட மெஷின்ல தொடர்ந்து தோத்துக்கிட்டு இருந்திருக்கார். திடீர்னு ஒரு தடவை கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு. லூரியாவுக்குப் பொறி தட்டிடுச்சு.

பாக்டீரியாவைத் தனித்தனி டியூப்ல வளர்த்து, ஒவ்வொண்ணையும் ஃபேஜ் நிறைஞ்ச தட்டுல கொட்டினார். ஃபேஜைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா மாறுதுன்னா, எல்லாத் தட்டுலயும் பிழைச்சவங்க எண்ணிக்கை ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கணும். ஆனா, ஒரு சோதனையில 20 டியூப்ல 11-ல பூஜ்யம். ஒண்ணுல மட்டும் 107! அதாவது, அந்த டியூப்ல ஃபேஜ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு பாக்டீரியாவுல தற்செயலா பூட்டு மாறியிருக்கு. அதோட பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன்தான் அந்த 107.

பாடம் என்ன? பாக்டீரியா எதிரியைப் பார்த்துப் படிச்சுக்கலை. கோடிக்கணக்கான பேர்ல எவனோ ஒருத்தனுக்கு ஏற்கெனவே லக் அடிச்சிருக்கு. மத்தவங்க செத்தாங்க, அவன் வம்சம் தழைச்சது. ஆன்டிபயாட்டிக்கை ஏமாத்துற கிருமியும் இதே ரூட்டுல வரலாம். (பக்கத்து வீட்டுக் கிருமிகிட்ட ஜீனைக் கடன் வாங்குற கதை தனி!) பாதி கோர்ஸ்ல 'சரியாப்போச்சு'ன்னு நாமே மாத்திரையை நிறுத்துறது, கடையில நாமே கேட்டு வாங்கி முழுங்குறதுன்னு கண்டபடி மருந்தைப் பயன்படுத்தினா, இந்த லக்கி பார்ட்டிகளுக்கு நாமே ரோடு போட்டுக் கொடுக்குறோம்னு அர்த்தம்.

கத்திரிக்கோல் போடு!

சரி, கதவைத் தாண்டி டி.என்.ஏ. உள்ளே வந்துடுச்சு. அடுத்த காவல் கத்திரிக்கோல். பாக்டீரியா தன்னோட டி.என்.ஏ-வுல சில இடங்கள்ல சின்னதா ஒரு ரசாயன முத்திரை குத்தி வெச்சுக்கும். முத்திரை இல்லாத டி.என்.ஏ. உள்ளே வந்தா, அதே எழுத்து வரிசையைத் தேடிப் பிடிச்சு 'கட்!' காலேஜ் கேட்ல ஐ.டி. கார்டு இல்லாதவனை வாட்ச்மேன் பிடிக்கிற மாதிரி. இதைக் கண்டுபிடிச்சு விளக்கின வெர்னர் ஆர்பர், ஹாமில்டன் ஸ்மித், டேனியல் நாதன்ஸ் மூணு பேருக்கும் 1978-ல் நோபல் பரிசு.

இந்தக் கத்திரிக்கோலை நாம சுட்டுக்கிட்டோம். மனுஷ இன்சுலின் ஜீனை வெட்டி பாக்டீரியாவுக்குள்ள ஒட்ட உதவினது இதுதான். அப்படி உருவான இன்சுலினுக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. என் தாத்தா தினமும் வயித்துல குத்திக்கிற ஊசியோட பூர்வீகம், பாக்டீரியா-ஃபேஜ் சண்டையில இருக்கு. இதைச் சொன்னா, 'போடா... வாய்க்கு வந்ததை அடிச்சுவிடாதே!'ங்கிறார்.

கத்திரிக்கோலும் தோத்தா? சில பாக்டீரியா செய்யுற காரியம் மனசைப் பிசையும். ஃபேஜ் உள்ளே வந்தது தெரிஞ்சதும், அது குட்டி போடுறதுக்குள்ள தன்னையே அழிச்சுக்கும். ஒருத்தன் செத்தா சுத்தி இருக்குற சொந்தக்காரங்க நூறு பேர் பிழைப்பாங்க இல்லையா? மூளையே இல்லாத ஜீவன்கிட்ட இப்படி ஒரு ஏற்பாடு!

போட்டோவை மாட்டு!

இப்போ கிளைமாக்ஸ். பாக்டீரியா எதிரியைப் பார்த்துப் படிச்சுக்கலைன்னு மேலே சொன்னேனே... அது முழுக் கதை இல்லை!

1987-ல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷிஸுமி இஷினோ குழு, ஒரு பாக்டீரியாவோட டி.என்.ஏ-வுல விநோதமான ஒரு பகுதியைப் பார்த்தாங்க. ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருது. நடுநடுவுல வேற வேற சின்னத் துண்டுகள். என்ன மேட்டர்னு யாருக்கும் புரியலை. ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ மொஹிகா வருஷக்கணக்கா இதையே நோண்டினார். 2005-ல் விடை வந்துச்சு. நடுவுல இருக்குற துண்டுகள்ல பலது, ஃபேஜோட டி.என்.ஏ-வுல இருந்து வந்தவை! பாக்டீரியாவோட புத்தகத்துல எதிரியோட கையெழுத்து! இந்த அமைப்புக்குத்தான் கிரிஸ்பர்னு பேரு.

'சரி, அது உண்மையிலேயே காவல் காக்குதா?' இதை நிரூபிச்சவங்க யாருன்னு நினைக்கிறீங்க? டானிஸ்கோங்கிற உணவுப் பொருள் கம்பெனி! யோகர்ட்டுக்கு உறை தயாரிச்சு விக்கிறவங்க. அங்கே வேலை பார்த்த ரோடால்ஃப் பாரங்கூ, ஃபிலிப் ஹோர்வாத் குழுவுக்கு இது படிப்பு இல்லை, பிழைப்பு. ஃபேஜ் வந்தா வியாபாரம் போச்சு! யோகர்ட் உறையில இருக்குற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்கிற பாக்டீரியா மேல ஃபேஜை ஏவினாங்க. பெரும்பாலானது காலி. பிழைச்ச 9 வகைகளோட டி.என்.ஏ-வைப் படிச்சுப் பார்த்தாங்க. எல்லாத்துலயும் அந்தப் பகுதியில புதுசா ஒண்ணு முதல் நாலு துண்டு வரை சேர்ந்திருக்கு. எல்லாம் அந்த ஃபேஜோட துண்டுகள். துண்டை எடுத்துட்டா பாதுகாப்பு போச்சு. துண்டை வெச்சா பாதுகாப்பு வந்துச்சு. 2007-ல் 'சயின்ஸ்' இதழ்ல வந்த இந்தக் கட்டுரைதான் திருப்புமுனை.

போலீஸ் ஸ்டேஷன் சுவர்ல 'தேடப்படும் குற்றவாளி' போட்டோ மாட்டியிருப்பாங்களே, அதேதான். ஒரு ஃபேஜ் வந்தா, அதோட டி.என்.ஏ-வுல இருந்து சுமார் 30 எழுத்துத் துண்டை வெட்டி போர்டுல மாட்டிக்கும். அடுத்த தடவை அதே ஃபேஜ் வந்தா, காவல் புரதங்கள் போட்டோவோட நகலை எடுத்துக்கிட்டு ரோந்து போகும். முகம் ஒத்துப்போனா... வெட்டு! போர்டுல இருக்குற போட்டோவையே தப்பா வெட்டிடாதான்னு ஒரு டவுட் வருதா? அதுக்கும் செக்கிங் இருக்கு. ஃபேஜோட டி.என்.ஏ-வுல அந்தத் துண்டுக்குப் பக்கத்துல ரெண்டு, மூணு எழுத்துல ஒரு அடையாளம் இருக்கும். போர்டுல அது இருக்காது. அடையாளம் இருந்தாத்தான் வெட்டும்.

இன்னொரு டவுட்: முதல் தடவை வர்ற ஃபேஜ்கிட்டயே செத்துட்டா, போட்டோ எடுக்க ஏது நேரம்? கனடாவின் சில்வைன் முவானோ குழு 2014-ல் இதுக்கு விடை சொன்னாங்க. அடிபட்டு, வேலை செய்யாம போன ஃபேஜ்கள்கிட்ட இருந்துதான் போட்டோ சுலபமா எடுக்கப்படுது. நாம செத்த கிருமியை வெச்சு தடுப்பூசி போட்டுக்குறோமே, அதே கான்செப்ட்! அப்படியும், லட்சக்கணக்குல ஏதோ ஒண்ணு ரெண்டு பாக்டீரியாதான் இதுல ஜெயிக்குது. ஆனா, ஜெயிச்சவன் போட்டோவை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்துடுவான். நமக்குப் போட்ட தடுப்பூசி நம்ம பிள்ளைக்கு வராது. பாக்டீரியாவுக்கு வரும்!

சும்மா இருப்பானா வில்லன்?

ஃபேஜும் லேசுப்பட்ட ஆள் இல்லை. போட்டோவுல இருக்குற பகுதியில ஒரே ஒரு எழுத்தை மாத்திக்கிட்டு எஸ்கேப் ஆகும். மீசையை எடுத்துட்டு வர்ற திருடன் மாதிரி. சில ஃபேஜ்கள், அந்தக் காவல் புரதத்தையே கட்டிப்போடுற புரதத்தைக் கையோட கொண்டு வருது. இது 2013-ல் தெரிஞ்சது. அதே வருஷம் இன்னொரு ஷாக். டாக்கா காலரா நோயாளிகள்கிட்ட கிடைச்ச ஐ.சி.பி.-1 என்கிற ஃபேஜுக்குள்ளயே ஒரு முழு கிரிஸ்பர் செட் இருந்துச்சு! காலரா பாக்டீரியாவோட காவலை உடைக்க, பாக்டீரியா உலகத்தோட ஆயுதத்தையே அது பயன்படுத்துது. திருடன் கையில போலீஸ் லத்தி!

இந்தச் சண்டையில கடைசி ஜெயிப்புன்னு ஒண்ணு கிடையாது. நேத்து ஜெயிச்ச பூட்டுக்கு இன்னிக்குப் புதுச் சாவி. இன்னிக்குச் சாவிக்கு நாளைக்குப் புதுப் பூட்டு. பாக்டீரியாவோட காவல் முறைகள் நூத்துக்கும் மேல இருக்குன்னு இப்போ தெரிஞ்சிருக்கு.

நமக்கு என்ன லாபம்?

கிரிஸ்பரை, நாம நினைச்ச இடத்துல ஜீனை வெட்டுற கருவியா மாத்தலாம்னு 2012-ல் காட்டின இமானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா ரெண்டு பேருக்கும் 2020-ல் வேதியியல் நோபல். அரிவாள் செல் ரத்தசோகைக்கு கிரிஸ்பர் சிகிச்சை 2023-ல் பிரிட்டன், அமெரிக்காவில் அனுமதி வாங்கிடுச்சு. நம்ம நாட்டுல 2025 மே மாசம் ஜீன் திருத்தின ரெண்டு நெல் ரகங்களை அறிவிச்சாங்க. எல்லாத்துக்கும் பின்னாடி, எதுக்குன்னே தெரியாம ஒரு டி.என்.ஏ. துண்டை வருஷக்கணக்கா நோண்டின ஒருத்தரும், யோகர்ட் கெட்டுப்போகக் கூடாதேன்னு கவலைப்பட்ட ஒரு குழுவும் இருக்காங்க. 'இதைப் படிச்சு என்ன யூஸ்?'னு கேட்குற நண்பர்களே, நோட் பண்ணிக்கோங்க.

ஆனா, என் கேள்வி தாத்தாவோட கால்தான். 2019-ல் மட்டும் உலகத்துல சுமார் 12.7 லட்சம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா செத்திருக்காங்கன்னு 'லான்செட்' இதழ் கணக்கு சொல்லுது. எதிரிக்கு எதிரி நண்பன்தானே? ஃபேஜையே மருந்தா கொடுத்தா? ஜார்ஜியா நாட்டின் திபிலீசியில 1923-ல் தொடங்கின எலியாவா இன்ஸ்டிடியூட் இதைத்தான் செய்யுது. அதுக்கான ஃபேஜைத் தேட ஆராய்ச்சியாளர்கள் போற இடம் எது தெரியுமா? சாக்கடை! பாக்டீரியா எங்கே ஜாஸ்தியோ, ஃபேஜும் அங்கேதான் ஜாஸ்தி. கொடுங்கையூர் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகும்போது இனிமே கொஞ்சம் மரியாதையோட பொத்திக்கோங்க.

'ஃபேஜுக்கும் பாக்டீரியா டிமிக்கி கொடுக்குமே?' கரெக்ட், கொடுக்கும். அங்கேதான் ஒரு சூப்பர் தந்திரம். சூடோமோனாஸ்னு ஒரு கிருமி, புண்ணுல புகுந்தா லேசுல போகாது. மழைக்காலத்துல நம்ம ஏரியா வீடுகள்ல மோட்டார் போட்டுத் தண்ணியை வெளியே இறைப்போமே, அதே மாதிரி அது தனக்குள்ள வந்த ஆன்டிபயாட்டிக்கை பம்ப் வெச்சு வெளியே தள்ளிடும். யேல் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் சான், பால் டர்னர் குழு ஒரு குளத்துத் தண்ணியில இருந்து பிடிச்ச ஃபேஜ், அந்த பம்ப்பைத்தான் கதவாப் பயன்படுத்துதுன்னு 2016-ல் எழுதினாங்க. இப்போ கிருமிக்கு ரெண்டே வழி. பம்ப்பை வெச்சுக்கிட்டா ஃபேஜ் கொல்லும். ஃபேஜுக்குப் பயந்து பம்ப்பை மாத்தினா, பழைய ஆன்டிபயாட்டிக்கே திரும்ப வேலை செய்யும்!

இதுதான் எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயம். எதிரி மாறாம இருக்கணும்னு நாம எதிர்பார்க்க முடியாது. அவன் மாறுவான். மாறினா எந்தப் பக்கம் விழுவான்னு முன்கூட்டியே யோசிச்சு வைக்கலாம். பாக்டீரியா தற்காப்பைப் படிச்சாத்தான் அந்த யோசனை வரும். ஃபேஜ் மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலயும் கிடைக்குற காலம் இன்னும் வரலை. அதுவரைக்கும் தாத்தா ரிப்போர்ட்டுல மிச்சம் இருந்த அந்த ரெண்டு மருந்தைக் காப்பாத்துறது நம்ம பொறுப்பு. அதனால, சளி பிடிச்சா கடைக்காரர்கிட்ட 'அண்ணே, அந்த ஸ்ட்ராங் மாத்திரை ஒண்ணு குடுங்க'ன்னு கேட்காதீங்க. ப்ளீஸ்!

நேத்து ராத்திரி அம்மா சட்டியை வழிச்சுப் போடும்போது, வழக்கம்போல ஒரு ஸ்பூன் தயிரைத் தனியா எடுத்து வெச்சாங்க. நாளைக்கு உறைக்கு. முந்தின நாள் தயிர்ல கொஞ்சம், அதுக்கும் முந்தின நாள் தயிர்ல கொஞ்சம்னு அந்த ஸ்பூனுக்குள்ள எத்தனை நாள் இருக்கும்! அதுல பிழைச்சிருக்குற பாக்டீரியாகிட்ட எத்தனை பழைய எதிரிகளோட போட்டோ மாட்டியிருக்குமோ!

'என்னடா அப்படிப் பார்க்குற? சாப்பிட்டாச்சுன்னா தட்டைக் கழுவி வை!'

அம்மா ஆர்டர். அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!